சொல்லச் சொன்னது

"உன் பொண்ணு எத்தனை மணிக்குக் கிளம்பறான்னு கேளு" என்று கூடத்திலிருந்து பூபாலனின் குரல் வந்தபோது அம்சவேணி கல்லில் மாவை ஊற்றி நடுவிலிருந்து வட்டமாக இழுத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை, கரண்டி ஓரம் வரைக்கும் போய்த்தான் நின்றது, ஆனால் அதற்குள்ளாகவே வாய்க்குள் ஒரு வாக்கியம் தயாராகிவிட்டது, மிருது, அப்பா ஸ்டேஷன் வரைக்கும் கூட வரட்டுமான்னு கேக்கறாருடி, என்று. அவர் அப்படிக் கேட்கவில்லை. கேட்கக்கூடியவராக இருந்தால் கேட்டிருக்கக்கூடியது அது. கூடத்துச் சோபாவிலிருந்து கை நீட்டினால் மகளின் அறைக் கதவைத் தொட்டுவிடலாம், கதவும் திறந்துதான் கிடந்தது, உள்ளே மிருதுளா பெட்டியின் ஜிப்பை இழுப்பதும் அது எதிலோ மாட்டிக்கொள்வதும் அவள் மூச்சுக்குள் திட்டுவதும் சமையலறை வரைக்கும் கேட்டது. அப்பா கேட்டது அவள் காதில் விழாமல் இருக்க வழியில்லை. ஆனாலும் அவள் பதில் சொல்ல மாட்டாள், அது அவளிடம் கேட்டதில்லை, அம்மாவிடம் சொன்னது, அம்மா கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் அது கேள்வியாகும். பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களின் நம்பரை அப்பாவின் போனிலிருந்து எடுத்து, தானே கூப்பிட்டு, எனக்கு இப்போ கல்யாணம் வேணாம் அங்கிள், நான் புனேக்கு வேலைக்குப் போறேன், மன்னிச்சுக்கோங்க என்று அவள் சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் இப்படித்தான். உன் பொண்ணு. உன் வீட்டுக்காரர். தோசையின் ஓரம் சிவந்து எழும்ப ஆரம்பித்தது. மிருதுவுக்கு ரயிலில் சாப்பிட, பொடி தடவி மடித்துக் கட்டிக்கொடுக்க வேண்டிய தோசை. அம்சவேணி எண்ணெயை ஓரத்தில் விட்டாள், தயாராக இருந்த வாக்கியத்தை நாக்கின் கீழே வைத்துக்கொண்டாள், கொண்டுபோகவில்லை. இன்றைக்குக் கொண்டுபோகாவிட்டால் இந்தப் பெண் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் புனேக்குப் போய்விடுவாள், போனால் அது அப்படியே இறுகிவிடும், இறுகியது எப்படி இருக்கும் என்று அம்சவேணிக்குத் தெரியும், அவள் வளர்ந்ததே அதற்குள்தான்.

நெய்வேலியில் அவள் அப்பா சபாபதிக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில் ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை, பின்னால் பலா மரம். நினைத்தவுடன் முதலில் வருவது மே மாதத்துப் பலா வாசனை, அப்புறம் நூல் பிடித்தமாதிரி நேராகப் போகும் ரோடுகள், ஷிப்ட் மாறும்போது ஊதும் சங்கு, சங்குக்குப் பிறகு ரோடு முழுக்கச் சைக்கிள்கள், அந்தச் சைக்கிள்களில் எது அப்பாவுடையது என்பதை மணிச்சத்தத்திலேயே கண்டுபிடிக்கும் ஒரு சின்னப் பெண். அப்பாவின் காக்கிச் சட்டையில் பழுப்பு நிலக்கரித் தூள் இருக்கும், கரி மாதிரி இருக்காது, மரத்தூள் மாதிரி மென்மையாக, நனைந்தால் ஈர மண்ணும் புகையும் கலந்த ஒரு வாசனை வரும். இதையெல்லாம் நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது. அது எப்படி என்று அவளுக்கே புரிந்ததில்லை, ஏனென்றால் அந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. மாமா கல்யாணத்தில் தொடங்கியது அது. வீட்டு மாப்பிள்ளையை நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, தம்பதியை நிற்க வைத்துப் பத்திரிகை கொடுத்து அழைக்க வேண்டும். தாத்தா இருந்த விருத்தாசலம் ஒன்றும் காசி இல்லை, பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஆனால் தாத்தா என்ன அவசரத்தில் இருந்தாரோ, மூலையில் மஞ்சள் தடவின பத்திரிகையை மற்ற ஊர்க்காரர்களுக்கு அனுப்பியதோடு சேர்த்துத் தபாலில் போட்டுவிட்டார். அப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஸ்டாம்பைப் பார்த்தார். "தபால்ல கூப்ட்டவங்களுக்குத் தபாலாபீஸ்லயே வாழ்த்து போதும்" என்றார். சொன்னபடியே நம்பர் சொன்னால் அவர்களே அடித்து அனுப்பும் வாழ்த்துத் தந்தி ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா அம்சாவைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போனாள். திரும்பி வந்தபோது அப்பா கூடத்தில் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். அம்மா அதே கூடத்தில் உட்கார்ந்து பட்சணப் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணாடியைப் பார்த்தபடி, "அம்சா, உங்கம்மாவைக் கேளு, பந்தியெல்லாம் நல்லா நடந்துச்சான்னு" என்றார். அம்மா முடிச்சைப் பார்த்தபடி, "உங்கப்பாகிட்ட சொல்லு, வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்னு" என்றாள். நடுவில் நின்ற பெண் இரண்டு பேரையும் பார்த்தது. அப்புறம் அப்பாவின் பக்கம் திரும்பி, "நீங்களும் வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்னு அம்மா சொல்றாங்கப்பா" என்றது. சவரக்கத்தி கன்னத்தில் நின்றது. கண்ணாடிக்குள் சோப்பு நுரைக்கு நடுவே ஏதோ ஒன்று இளகியது. அம்மாவும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை, ஒரு லட்டை எடுத்துத் தட்டில் வைத்து, "கொண்டுபோய்க் குடு" என்றாள். அவ்வளவுதான், அன்றைக்கு அந்த ருசியைப் பார்த்தவளுக்கு அப்புறம் விடவே முடியவில்லை. சோறு ஆறுதுன்னு சொல்லு என்றால் சூடா சாப்பிட வரணுமாம்ப்பா. குழம்பில் உப்பில்லை என்றால் குழம்பு பிரமாதம், உப்பு மட்டும் ஒரு கல்லு போடணுமாம். எதிர்வீட்டு சாரதா டீச்சர் கன்னத்தைக் கிள்ளி, "இவ ஒருத்தி இருந்தா போதும், அந்த வீட்ல சண்டையே வராது" என்பாள். உண்மைதான், சண்டை வரவில்லை. சண்டை வருவதற்குப் பேச வேண்டும்.

இதைக் கவுன்சிலர் மெர்லினிடம் சொன்னபோது மெர்லின் சிரித்துவிட்டாள், அப்புறம் "மன்னிச்சுக்கோங்க, அந்தத் தந்தி" என்றாள். அம்சவேணியும் சிரித்தாள். மெர்லின் மேடத்துக்கு இவளை விடப் பதினைந்து வயதாவது குறைவாக இருக்கும், ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிட வந்தது. மேடத்திடம் வந்ததே பல்லால்தான். தாடை வலித்தது, காதுக்குப் பின்னால் கழுத்து வரைக்கும் இழுத்தது, மேற்குத் தாம்பரத்தில் பல் டாக்டரிடம் போனால் அவர் விளக்கை வாய்க்குள் பிடித்து, "ஏம்மா, தூக்கத்துல யாரைக் கடிக்கறீங்க? அரைக்கிற பல்லெல்லாம் அம்மிக்கல்லு மாதிரி தேஞ்சு போச்சே" என்றார். இரவில் மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து கொடுத்தார், அதையும் அவள் கடித்தே ஓட்டை போட்டுக் கொண்டுபோய்க் காட்டியபோது, "இது என் டிபார்ட்மென்ட் இல்ல, மாடிப்படி ஏறுங்க" என்று மேல் மாடியைக் காட்டினார். மாடியில் ஒரு சின்ன அறை, இரண்டு பிரம்பு நாற்காலி, ஜன்னலில் வேப்பங்கிளை, தண்ணீர் ஜாடி. எனக்கு ஒண்ணும் இல்ல மேடம், வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க, என்றுதான் ஆரம்பித்தாள். மெர்லின், "எல்லாரும்னா?" என்றாள். அம்சவேணி பூபாலனைப் பற்றிச் சொன்னாள், மிருதுவைப் பற்றிச் சொன்னாள், மாமியார் இருந்த வரைக்கும் அவர் எப்படி, நாத்தனார் எப்படி, பள்ளிக்கூட ஆபீசில் தான் உட்காரும் மேஜைக்குக் கோபத்தோடு வரும் பெற்றோர்களிடம் தலைமையாசிரியை சொல்வதை எப்படிப் பக்குவமாகச் சொல்வாள், அவர்கள் திட்டுவதைத் தலைமையாசிரியையிடம் எப்படி வடிகட்டிச் சொல்வாள், நேரம் முடிகிற வரைக்கும் சொன்னாள். மெர்லின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுல நீங்க எங்கயுமே வரலயே" என்றாள். வராமல் எப்படி, இத்தனை நேரமும் நான்தானே வந்தேன், என்று பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது எரிச்சலாக வந்தது. இனிமேல் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அடுத்த வாரமும் போனாள். போனபோது மெர்லின் வேறொன்று கேட்டாள். "எல்லாரும் ஒரே கூடத்துலதானே இருந்தீங்க? அம்மா சொன்னது அப்பாவுக்கு நேராவே கேட்டிருக்குமே. அப்புறம் நீங்க மாத்திச் சொன்னா?" அம்சவேணிக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. கேட்டிருக்கும். இரண்டு பேர் காதிலும் இரண்டு பேர் சொன்னதும் அப்படியே விழுந்துதான் இருக்கும். ஆனால் அது கணக்கில் இல்லை, அம்சா சொன்னதுதான் கணக்கு, அப்படி அந்த வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாமலே ஒரு ஏற்பாடு. அவர்கள் இரண்டு பேரும் தாங்கள் சொல்ல முடியாததைச் சொல்லும் இடமாக அவளை நிற்க வைத்திருந்தார்கள், அவளும் நின்றாள், நிற்பது பிடித்திருந்தது. "பிடிச்சிருந்துச்சா?" என்றாள் மெர்லின். "பிடிச்சிருந்துச்சு மேடம். வலிச்சா சொல்லிருப்பேன்ல" என்றாள் அம்சவேணி, சொல்லிவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டாள், தடவிக்கொண்டதை அப்புறம்தான் கவனித்தாள்.

"அம்சா" என்றது கூடம். "கேட்டியா?" தோசையை எடுத்துத் தட்டில் போட்டாள், பொடியைத் தூவி நல்லெண்ணெய் விட்டு விரலால் தடவினாள், நல்லெண்ணெய் வாசனையில் ஒரு கணம் எங்கே நிற்கிறோம் என்பது மறந்து ஃப்ளாஸ்க் ஞாபகம் வந்தது. சிவப்பு ஃப்ளாஸ்க். அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்து டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள், அப்பா ஷிப்ட் முடிந்து வந்து ஹார்லிக்ஸ் கலந்து ஃப்ளாஸ்கில் ஊற்றி அவளிடம் கொடுத்து அனுப்புவார், தான் வாசல் வரைக்கும் வந்து மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படி ஒரு நாள் அவர் சொன்னார், அம்மாகிட்ட சொல்லு, நீ இல்லாம வீடு வீடாவே இல்லன்னு. அவள் போய்ச் சொன்னாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், முதுகு குலுங்கியது, அப்புறம் திரும்பி அம்சாவின் தலையில் கை வைத்துச் சிரித்தாள், அந்தச் சிரிப்பைப் போல ஒன்றை அம்மாவின் முகத்தில் அதற்கு முன்னாலும் பின்னாலும் பார்த்ததில்லை. அம்சவேணியின் வாழ்க்கையில் இருந்த ஒரே தங்கம் அது. யார் வீட்டிலாவது புருஷன் பெண்டாட்டி பற்றிப் பேச்சு வந்தால், எங்கப்பா பேசவே மாட்டாரு, ஆனா ஒரு தடவை சொன்னாரு பாருங்க, என்று ஆரம்பிப்பாள். கல்யாணமான புதிதில் பூபாலனிடம் சொன்னாள், மிருதுவுக்குக் கதை மாதிரிச் சொன்னாள். மெர்லினிடமும் சொன்னாள், கொஞ்சம் பெருமையோடு. மெர்லின் முகம் மலர்ந்துதான் கேட்டாள். "அழகா இருக்கு. அப்பா அதைச் சொல்லும்போது எங்க நின்னுட்டிருந்தார்?" மரத்தடியில். "அவர் முகம் எப்படி இருந்துச்சு?" அம்சவேணி பார்த்தாள். மரம் இருந்தது, சைக்கிள் இருந்தது, ஹாண்டில்பாரில் துண்டு இருந்தது, ஃப்ளாஸ்கின் மூடி இடுக்கிலிருந்து வந்த ஹார்லிக்ஸ் ஆவி கூட இருந்தது, அப்பாவின் முகம் இல்லை. வாய் அசையவில்லை. வாக்கியம் மட்டும் இருந்தது, அது அப்பாவின் குரலில் இல்லை, ஒரு சின்னப் பெண்ணின் கீச்சுக் குரலில் இருந்தது. "அவர்தான் சொன்னாரு" என்றாள் அம்சவேணி. மெர்லின் ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள். "அவர் சொல்லலன்னு சொல்றீங்களா?" "நான் அங்க இல்லயே. எனக்குத் தெரியாது" என்றாள் மெர்லின். அம்சவேணி எழுந்து வந்துவிட்டாள். என்ன படிப்பு படித்துவிட்டு வருகிறார்கள், இருக்கிற ஒன்றையும் பிடுங்கிக்கொள்ளவா, என்று மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் திட்டினாள். பூபாலனிடம், "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியலங்க" என்றாள், அவர், "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றார், அவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சில வாரங்கள் போகவில்லை. அந்தச் சில வாரங்களில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்போது, யாரும் கூப்பிடாமல் அப்பா வந்தார். முகத்தோடு வந்தார். தூக்கம் இல்லாத கண், மூக்கோரம் துடைக்காமல் விட்ட பழுப்புத் தூள். சொன்னார். "மூடியைத் தொலைச்சுடாத."

அவ்வளவுதான் சொன்னார். ஃப்ளாஸ்க் மூடியைத் தொலைத்துவிடாதே. பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லாரும் பார்க்க அம்சவேணி அழுதாள், ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். மறுபடியும் மாடி ஏறியபோது அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து நீண்ட நேரம் வேப்பங்கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பொய் சொல்லிருக்கேன் மேடம்" என்றாள் கடைசியில். "அம்மா அதை நம்பி..." மெர்லின் தலையை மெல்ல ஆட்டினாள். "வீடு வீடாவே இல்லங்கறது யாருக்குத் தோணிச்சு?" அம்சவேணிக்குக் கேள்வி புரியவில்லை. அப்புறம், நாள்பட்டுப் பூட்டிக் கிடந்த அறையில் யாரோ விளக்கைப் போட்டதுபோல, சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து தானே சாவியைப் போட்டுத் திறந்து, அம்மா இல்லாத சமையலறையில் கவிழ்த்து வைத்த பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பெண் தெரிந்தாள். பாவாடையில் இங்க் கறை. பலா மரத்தடியில் ஒரு பழம் விழுந்து வெடித்து ஈ மொய்க்கிறது, எடுத்துப் போட ஆள் இல்லை. அம்மா எப்போ வருவா என்று கேட்க அந்தப் பெண்ணுக்கு வழி இல்லை. எல்லாருடைய பேச்சையும் எடுத்துக்கொண்டு ஓடியவளுடைய பேச்சை எடுத்துக்கொண்டு ஓட யாரும் இல்லை, அதனால் அவள் அதை அப்பாவின் பெயரில் அனுப்பினாள். "எனக்கு" என்றாள் அம்சவேணி. "எனக்குத்தான் தோணிச்சு." அன்றைக்கு அந்தத் தங்கம் போய்விடவில்லை என்பதுதான் ஆச்சரியம், கை மாறியது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் அப்பாவிடம் இருந்தது என்று நினைத்து ஏங்கிய ஒரு ஈரம் தன் பக்கத்தில் இருந்திருக்கிறது. அப்புறமும் எதுவும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. நீங்களே கேளுங்க என்கிற இரண்டு வார்த்தையைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள், வேறு யாருடைய பல் செட்டையோ எடுத்து மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. நாத்தனார் போன் செய்தபோது சொல்லிவிட்டாள், பூபாலன் இரண்டு நாள் முறைத்தார், உலகம் நின்றுவிடவில்லை. பொங்கலன்று மறுபடியும் எல்லாருக்கும் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இரவு தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பரவாயில்ல" என்றாள் மெர்லின், "கொண்டுபோறோம்னு தெரிஞ்சுதானே கொண்டுபோனீங்க?"

"அம்மா" என்றது இப்போது அறை. "அப்பாகிட்ட சொல்லிடு, நான் ஆட்டோ புக் பண்ணிக்கறேன், யாரும் வர வேணாம்." அதுவும் உடனே வாய்க்குள் திரும்பிப் படுத்துக்கொண்டது, உங்களுக்கு முட்டி வலிக்குமேன்னுதான் வேணாங்கறா, பாசம்தான். இரண்டு வாக்கியங்கள் இப்போது நாக்கின் கீழே. எவ்வளவு நல்ல வாக்கியங்கள். இரண்டையும் கொடுத்துவிட்டால் போதும், அவர் டிவியை அணைத்துவிட்டு எழுந்து சட்டை மாட்டுவார், அவள் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை அவர் கையில் விடுவாள், ரயில் நகரும்போது இரண்டு பேரும் கையாட்டிக்கொள்வார்கள், எல்லாம் நன்றாக முடியும், இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் ஒன்றும் பேசாமலே. அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் வரும், அப்பா எப்படி இருக்காரு, உன் பொண்ணு சாப்ட்டாளாமா, இவள் நடுவில், கடைசி வரைக்கும். கடைசி எப்படி இருக்கும் என்பதும் தெரியும். அவள் அப்பா இறந்தபோது அவரைக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், பெட்டியின் மோட்டார் விட்டு விட்டு உறுமிக்கொண்டிருந்தது, அம்மா தலைமாட்டில் அழாமல் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஆட்கள். அம்மா நிமிர்ந்து அம்சவேணியைப் பார்த்து, "உங்கப்பாகிட்ட சொல்லு, நானும் வரேன்னு" என்றாள். அவ்வளவு பக்கத்தில் இருந்தாள், கை வைத்தால் கண்ணாடி. அப்போதும் கூட. அம்சவேணி குனிந்தாள், கண்ணாடியில் அவளுடைய மூச்சு பட்டுப் பனி மாதிரி படர்ந்தது, அதற்குள் அப்பாவின் மூக்கு மட்டும் தெரிந்தது, "அப்பா, அம்மா கொஞ்ச நாள் எங்ககூட இருந்துட்டு மெதுவா வராங்களாம்பா" என்றாள். செத்தவரிடம் கூட மாற்றித்தான் சொன்னாள். அம்மா அடுத்த ஆடிக்குள் போய்விட்டாள். அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கழுத்துக்குப் பின்னால் ஜில்லென்று ஏதோ ஒன்றும் ஏறுகிறது. கூடத்தில் இப்போது டிவியின் சத்தம் குறைந்திருந்தது. அறையில் ஜிப்பின் சத்தம் நின்றிருந்தது. இரண்டு பக்கமும் காத்துக்கொண்டிருக்கின்றன. பல் மேல் பல் அழுந்துவது தெரிந்தது, அவள் வாயைக் கொஞ்சம் திறந்து தாடையைத் தொங்கவிட்டாள், மெர்லின் சொல்லிக்கொடுத்தபடி, யாராவது பார்த்தால் மாடு மாதிரி இருக்கும். வாயைத் திறந்ததும் வந்தது வேறு வார்த்தை.

"ஏங்க, நீங்களே கேளுங்க. மிருது, நீயே சொல்லு."

சத்தமாகத்தான் வந்துவிட்டது. டிவி அணைந்தது. பூபாலன் எழுந்து வருவது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. சமையலறை வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார். "உடம்பு சரியில்லயா உனக்கு?" என்றார், நிஜமாகவே கவலையோடு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நல்லாத்தான் இருக்கேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ சொன்னா அவ கேப்பா அம்சா." "என்ன சொல்லணும்?" என்றாள். அவர் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தார். அந்த முகத்தை அவள் எத்தனை வருஷம் பார்த்திருக்கிறாள், ஆனால் அது ஒன்றைத் தேடி அலைவதைப் பார்த்ததில்லை, தேடுவதற்கு முன்னாலேயே இவள் எடுத்துக் கொடுத்துவிடுவாள். இப்போதும் கையில் இருந்தது. கொடுக்காமல் நிற்பது அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது. "அவங்க வேண்டாம்னு நானே சொல்லிருப்பேன்ல" என்றார் கடைசியில், யாரிடமோ சொல்வதுபோல. "அவ என்கிட்ட சொல்லிருந்தா நானே போன் பண்ணிருப்பேன். அவளே பண்ணிட்டா. பையனோட அப்பா என்னைக் கூப்ட்டு, உங்க பொண்ணு பேசிச்சு சார், தெளிவா பேசிச்சுங்கறாரு. எனக்கு எப்டி இருக்கும்?" "இதையே சொல்லுங்க" என்றாள் அம்சவேணி. "இதே மாதிரியா?" "இதே மாதிரி." "அவ எதாச்சும் எடக்கா பேசினா?" "தெரியலங்க" என்றாள். தெரியவில்லை என்று அவள் இந்த வீட்டில் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அவர் போனார். மகளின் அறை வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. அம்சவேணி அடுப்பை அணைத்துவிட்டு மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் சமையலறையில் சொன்னமாதிரிச் சொல்லவில்லை, எல்லாவற்றையும் தலைகீழாகப் போட்டு உடைத்தார். "எனக்கு எவ்ளோ அசிங்கமாப் போச்சு தெரியுமா?" என்றார். "நீங்க என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் ஏன்ப்பா அவங்களுக்குப் போன் பண்றேன்?" என்றாள் மிருதுளா. "கேட்டா மட்டும் சொல்லிருவியாக்கும்!" "நீங்க கேளுங்க மொதல்ல! எப்பவாச்சும் என் மூஞ்சியப் பாத்து எதையாச்சும் கேட்டிருக்கீங்களா? எல்லாம் அம்மாகிட்ட, அம்மாகிட்ட, நான் என்ன உள்வாடகைக்கா இருக்கேன் இங்க?" அவள் குரல் உடைந்தது. அவர் குரலும் ஏறியது. "வளத்த அப்பன்கிட்ட பேசற பேச்சா இது?" "பின்ன எப்டிப் பேசறது, தபால்லயா?" தபால் என்றதும் அம்சவேணி கண்ணை மூடிக்கொண்டாள், அந்தக் கதையை அவளுக்குச் சொல்லி வளர்த்தது இவள்தான். ஒவ்வொரு வார்த்தையும் உரிக்காமல், உறையில்லாமல், முள்ளோடு போய் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் இவளிடம் மாற்று இருந்தது, அசிங்கம் என்பதற்குப் பதில் கஷ்டம், எடக்கு என்பதற்குப் பதில் கோபம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன, அவள் ஒன்றையும் எடுக்கவில்லை. எந்தக் கூடத்தில் நிற்கிறாள் என்பது கொஞ்சம் குழம்பியது. இப்படி ஒரு சத்தம் நெய்வேலியில் ஒரு நாள் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், ஒரே ஒரு நாள், தாத்தா பத்திரிகையைத் தபாலில் போட்ட அந்த வாரம், அப்பா கத்தி, அம்மா கத்தி, சாரதா டீச்சர் ஜன்னலைத் திறந்து பார்த்து, அந்தச் சின்னப் பெண் பயந்துபோய்ப் பலா மரத்தடிக்கு ஓடி, அங்கே உட்கார்ந்து அழுது, அப்புறம் பசித்து, வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பாள். போயிருப்பாள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

சத்தம் நின்றது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அறையிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது, யாருடையது என்று சொல்ல முடியவில்லை. அப்புறம் பூபாலன் கரகரத்த குரலில், "டிக்கெட்டெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டியா?" என்றார். "போன்லயே இருக்குப்பா" என்றாள் மிருதுளா. "சார்ஜ் இருக்கா அதுல?" "ம்." "புனேல எந்தப் பக்கம் தங்கப் போற?" என்றார். அவள் ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள், அவருக்குப் புரியவில்லை, திரும்பக் கேட்டார், அவள் திரும்பச் சொன்னாள். அம்சவேணிக்கும் அந்தப் பெயர் புரியவில்லை. புரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லாமல் ஒன்றைக் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அவள் அறிந்ததில்லை, பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வருவதைக் கேட்பதுபோல லேசாக இருந்தது, லேசாகக் கொஞ்சம் வெறுமையாகவும் இருந்தது. இனி அவள் எங்கே நிற்பது?

மிருதுளா முகத்தைக் கழுவிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. தண்ணீர் எடுத்துக் குடித்தாள், டம்ளரைக் கவிழ்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "அவ்ளோ கத்தறோம், நீ பாட்டுக்கு உள்ள நிக்கற. எப்பவும் வந்து எதாச்சும் சொல்வியே. இன்னிக்கு ஒண்ணுமே சொல்லலயேம்மா?"

சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று அம்சவேணி பார்த்தாள். அவருடையது இல்லை, இவளுடையது இல்லை, அதெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. நாக்கின் கீழே ஒன்றும் இல்லை. அதற்கும் கீழே, நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில், ஒன்று இருந்தது, அதற்கு அவள் இன்னும் வார்த்தை செய்திருக்கவில்லை, அது செய்யாமலே வெளியே வந்தது.

"நீ போறது எனக்குப் பிடிக்கலடி" என்றாள். "போ. போகாதன்னு சொல்லல. ஆனா எனக்குப் பிடிக்கல."

மிருதுளா முழித்தாள். கூடத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அப்பா சொல்லச் சொன்னாரா?" என்றாள்.

"இல்ல. நான் சொல்றேன்."

மகள் அம்மாவை இதுவரை பார்க்காததுபோலப் பார்த்தாள். பிறகு மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அப்புறம்?" என்றாள்.

அம்சவேணி யோசித்தாள். இன்னும் இருந்தது.